நாற்பத்தேழாம் நம்பர் கார்டு

போன் அலறியது!

வியாழக்கிழமை. காலை எட்டு நாற்பது. விஜயதசமி.

புக்கிட் ரோத்தான் கடை வரிசையில் மூன்றாவது கடை, 'லோகா டிஜிட்டல்'. கேமரா, பேட்டரி, மெமரி கார்டு கிடைக்கும். முதலாளி, கணக்கெழுதும் கிராணி, கடை கூட்டுகிற ஆள்... மூன்று பேரும் ஒரே ஆள்தான். லோகேஸ்வரி. வயது முப்பத்து நான்கு.

நேற்று ஆயுத பூஜைக்கு இலையில் வைத்த கேமராக்களை எடுத்து, குங்குமத்தைத் துடைத்துக் கொண்டிருந்தாள். துடைத்த கையோடு போனை எடுத்தாள்.

"அக்கா..."

தம்பி சுகுமாறன். கல்யாண வீட்டுப் போட்டோகிராபர். இருபத்தாறு வயது.

"என்னடா, இன்னும் எந்திரிக்கலியா? பதினோரு மணிக்கு நிச்சயதார்த்தம் இருக்கு லா உனக்கு!"

"அக்கா... என்னைப் பிடிச்சிட்டாங்க."

"யாரு?"

"போலீஸ்! சிவானந்தம் அண்ணன் செத்துட்டாருக்கா. தோட்டத்துல பழைய லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால, செம்பனை மரத்தடியில கிடந்தாராம். கழுத்தை நெரிச்சிருக்காங்க..."

"ஐயோ! அதுக்கு உன்னை ஏண்டா பிடிக்கணும்?"

"கழுத்துல சுத்தியிருந்தது... என்னோட கேமரா பட்டைக்கா!"

போன் கட் ஆனது.

லோகேஸ்வரி அழவில்லை. அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு தம்பி. அவனுக்காக அழுவதற்கு நேரம் கிடையாது.

ஷட்டரை இழுத்தாள். பூட்டினாள். மோட்டர் சைக்கிளை உதைத்துக் கிளப்பினாள்.

---

போலீஸ் ஸ்டேஷன். மூன்று மணி நேரம் பெஞ்சில் காத்திருந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் மகேந்திரன் நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதர்களுக்கும் ஆதாரம்தான் வேண்டும்.

"உட்காரும்மா."

"நிக்கிறேன் சார். என் தம்பி கொலை பண்ணல."

"எல்லா அக்காவும் இதைத்தான் சொல்லுவாங்க. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கடையில சிவானந்தத்துக்கும் உன் தம்பிக்கும் சண்டை. 'இன்னொரு தடவை எங்க அக்கா பேரை எடுத்தா கழுத்தை நெரிச்சுடுவேன்'னு கத்தியிருக்கான். பதினஞ்சு பேர் கேட்டிருக்காங்க!"

"கத்தினான் சார். ஏன் கத்தினான்னு கேட்டீங்களா?"

"சொல்லு."

"சிவானந்தம் அண்ணனும் போட்டோகிராபர். ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுத்தாரு. எடுக்கும்போது எல்லாம் சரியா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து பார்த்தா தாலி கட்டுற படம் ஒண்ணு கூட இல்ல! கார்டு டூப்ளிகேட். மேல இருநூத்தி அம்பத்தாறு ஜிபின்னு எழுதியிருக்கும்... உள்ள முப்பத்திரண்டுதான் இருக்கும். அதுக்கு மேல எடுக்கிற படம் எல்லாம் பேரு மட்டும் பதிவாகும். திறந்தா ஒண்ணும் இருக்காது."

"அதனால?"

"அந்தக் கார்டு என் கடையில வாங்கினதுன்னு ஊரெல்லாம் சொன்னாரு. தம்பிக்குக் கோபம் வந்துச்சு. ஆனா திங்கட்கிழமை காலையில அவரே என் கடைக்கு வந்தாரு சார். நான் விக்கிற ஒவ்வொரு கார்டுலயும் முழுசா எழுதி, திரும்பப் படிச்சுப் பார்த்து, வெள்ளை மசியில நம்பர் போடுவேன். 'லோ'ன்னு என் பேரு, பக்கத்துல நம்பர். அவரு கார்டுல நம்பரே இல்ல! தலையில அடிச்சிக்கிட்டாரு. 'தப்பு பண்ணிட்டேன் தங்கச்சி, இது ஸ்டூடியோ தேவன்கிட்ட வாங்கினது. பூஜை முடியட்டும், வியாழக்கிழமை அவன் மேல புகார் கொடுக்கிறேன்'னு சொன்னாரு."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான். புகார் கொடுக்க வேண்டிய ஆளு பொணமா கிடக்கிறாரு!"

இன்ஸ்பெக்டர் பேனாவை மேசையில் தட்டினார்.

"இதுக்கு சாட்சி?"

"நான்தான்."

"தம்பிக்கு அக்கா சாட்சி. எடுபடாதும்மா. அந்தப் பட்டை?"

"ரெண்டு வாரத்துக்கு முன்னால ஒரு கல்யாணத்துல தொலைஞ்சு போச்சு. அன்னிக்கு அதே மண்டபத்துல தேவனும் படம் எடுத்தாரு!"

"தேவனை நான் சும்மா விடல. இந்தப் பக்கத்துப் போட்டோகிராபர் எல்லாரையும் காலையிலயே விசாரிச்சாச்சு. சிவானந்தம் நேத்து சாயங்காலம் சரியா அஞ்சு மணிக்கு அவங்க அம்மாகிட்ட போன்ல பேசியிருக்காரு. ஆறரை மணிக்கு முன்னால உயிர் போயிருக்குன்னு டாக்டர் சொல்றாரு. அந்த நேரத்துல தேவன் குவாலா சிலாங்கூர் ஆத்தோரம் பருந்து படம் எடுத்துக்கிட்டு இருந்திருக்கான். அஞ்சு மணி அஞ்சு நிமிஷத்துல இருந்து ஆறு நாற்பது வரைக்கும். இருநூத்துப் பன்னெண்டு படம்! எல்லாத்துலயும் தேதி, நேரம் இருக்கு. கார்டையே கொடுத்துட்டான்."

"கேமராவுல நேரத்தை மாத்தி வைக்கலாம் சார். சின்னப் பிள்ளை கூட செய்யும்!"

"தெரியும். மாத்தினான்னு உன்னால நிரூபிக்க முடியுமா?"

இன்ஸ்பெக்டர் டிராயரைத் திறந்தார். ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு கறுப்புக் கார்டு.

லோகேஸ்வரியின் கண்கள் அதில் குத்திட்டு நின்றன.

வெள்ளை மசி... சின்ன எழுத்து... 'லோ 47'!

"இது என் கடைக் கார்டு!"

"இருக்கட்டும். உன் கடையில கார்டு வாங்குறது குத்தமா? ஒரு மணிக்கு தேவன் வந்து வாக்குமூலத்துல கையெழுத்து போடுறான். ரெண்டு மணிக்கு உன் தம்பிய மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தணும். நீ போய் ஒரு லாயரைப் பாரும்மா."

"லாயரை அப்புறம் பார்க்கிறேன். ஒரு மணிக்கு நானும் இங்க இருப்பேன்!"

"எதுக்கு?"

"அது எனக்கே இன்னும் தெரியல சார்!"

விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

---

ஸ்டேஷனுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை. மேசையில் தே தாரே டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

லோ 47... லோ 47...

திங்கட்கிழமை சாயங்காலம் நடந்தது ஞாபகத்துக்கு வந்தது.

தேவன். பத்தாங் பெர்ஜுந்தாயில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். நாற்பத்தைந்து வயது. வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி, எப்போதும் ஒரு புன்னகை. ஸ்டூடியோவோடு கூட ஆன்லைனில் கார்டும் விற்கிறான். அப்படிப்பட்டவன் அவள் கடைப் படியேறி வந்து நின்றான்!

"தங்கச்சி, நல்ல கார்டா ஒண்ணு குடு."

"உங்க கடையிலயே கூடை கூடையா கிடக்குதே அண்ணே!"

"அது யாவாரத்துக்கு. இது முக்கியமான வேலைக்கு லா. படம் போயிடக் கூடாது."

"அப்போ பெரிசா ஒண்ணு வேணாம். அறுபத்து நாலு போதும். எல்லா முட்டையையும் ஒரே கூடையில வைக்கிற மாதிரி எல்லாப் படத்தையும் ஒரே கார்டுல எடுக்காதீங்க. இது நேத்து ராத்திரி முழுக்க எழுதிப் படிச்சுப் பார்த்த கார்டு. நம்பர் நாற்பத்தேழு. கம்ப்யூட்டர்ல போட்டு அழிக்காதீங்க, கேமராவுல போட்டே பார்மட் பண்ணுங்க. கடைசி வரைக்கும் ரொப்பாதீங்க."

"சரி, சரி."

"இன்னொண்ணு. படம் எடுத்து முடிச்ச உடனே ஓரத்துல இருக்கிற இந்தத் தாழ்ப்பாளைக் கீழ இழுத்துப் பூட்டிடுங்க. தெரியாம மேல எழுதிட மாட்டீங்க."

"அப்படியே செய்யறேன் தங்கச்சி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்!"

சிரித்துக்கொண்டே போனான் படுபாவி!

காலையில் சிவானந்தம் புகார் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அது தேவன் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். அன்று சாயங்காலமே இவன் கார்டு வாங்கியிருக்கிறான். செவ்வாய்க்கிழமை ஆற்றங்கரைக்குப் போய், கேமராவின் தேதியைப் புதன்கிழமைக்கு மாற்றி வைத்துப் படம் எடுத்திருக்கிறான். புதன்கிழமை சாயங்காலம் கழுத்தை நெரித்திருக்கிறான். கதை புரிந்துவிட்டது. ஆதாரம்?

லோகேஸ்வரி போனை எடுத்தாள். லாயர் யாராவது தெரியுமா என்று வாட்சப்பைத் திறந்தாள்.

ஸ்டேட்டஸ் வரிசையில் ஒரு முகம்.

மாலா. தேவனின் மனைவி. இவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள். எதையாவது போட்டுக்கொண்டே இருப்பாள்.

'ஆயுத பூஜை நல்வாழ்த்துகள்.' நேற்று மத்தியானம் பன்னிரண்டு முப்பத்தெட்டு.

லோகேஸ்வரி கடிகாரத்தைப் பார்த்தாள். இப்போது பன்னிரண்டு முப்பத்தாறு!

இருபத்து நான்கு மணி நேரத்தில் ஸ்டேட்டஸ் மறைந்துவிடும். இன்னும் இரண்டே நிமிஷம்!

படத்தைத் திறந்தாள். வாழை இலை. கேமரா. பிளாஷ். பேட்டரி. எல்லாவற்றின் மீதும் சந்தனம், குங்குமம். இலையின் ஓரத்தில் வரிசையாக நாலு கார்டு. கடைசிக் கார்டில்...

விரல்களால் பெரிதாக்கினாள்.

'லோ 47'!

கிளிக். ஸ்க்ரீன்ஷாட். இன்னொரு தடவை... கிளிக். பயத்தில் மூன்றாவது தடவையும்... கிளிக்!

பன்னிரண்டு முப்பத்தெட்டு. படம் மறைந்தது.

லோகேஸ்வரி ஆறிப்போன தே தாரேயை ஒரே மடக்கில் குடித்தாள்.

---

மணி ஒன்று.

தேவன் உள்ளே வந்தான். அதே வெள்ளைச் சட்டை. அதே புன்னகை. கூடவே மாலா.

"என்ன தங்கச்சி, நீயும் இங்கயா? தம்பி விஷயம் கேள்விப்பட்டேன். மனசே சரியில்ல லா."

"எனக்கும்தான் அண்ணே." லோகேஸ்வரி மாலாவின் பக்கம் திரும்பினாள். "மாலா, நேத்து பூஜை பிரமாதம்! ஸ்டேட்டஸ்ல பார்த்தேன்."

மாலாவின் முகம் மலர்ந்தது.

"எல்லாத்துக்கும் நானே சந்தனம் வச்சேன் லோகா. இவரு பைக்குள்ள டப்பாவுல கிடந்த கார்டைக் கூட விடல!"

தேவனின் புன்னகை அறுந்தது.

லோகேஸ்வரி போனை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"பாருங்க சார். நேத்து மத்தியானம் இலையில இருக்கிற கடைசிக் கார்டு. நம்பரைப் படிங்க."

"லோ... நாற்பத்தேழு." இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "அதே கார்டு!"

தேவன் ஒரு நொடிதான் தடுமாறினான். உடனே சுதாரித்துக் கொண்டான்.

"ஆமா சார், பூஜையில இருந்துச்சு. இல்லைன்னு நான் சொன்னேனா? மூணு மணிக்கு எடுத்துச் சந்தனத்தைத் துடைச்சேன். ஆத்துக்குப் போனேன். படம் எடுத்தேன்."

"பூஜையில வச்ச சாமானை மறுநாள் காலையிலதானே தொடுவோம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தொட்டா சாமி கோவிச்சுக்குமா சார்? கோவிச்சுக்கிட்டா நான் சாமிகிட்ட பேசிக்கிறேன். அதுக்காக கைவிலங்கு போடுவீங்களா?"

நியாயமான கேள்வி! இன்ஸ்பெக்டர் லோகேஸ்வரியைப் பார்த்தார். போச்சா?

அவள் அசையவில்லை.

"துடைச்சீங்களா அண்ணே?"

"துடைச்சேன்."

"நல்லாத் துடைச்சீங்களா?"

"பளிச்சுன்னு துடைச்சேன்! ஏன், சந்தனம் துடைக்கிறதுக்கும் உன்கிட்ட பாடம் கேட்கணுமா?"

"கேட்டிருக்கலாம்!" லோகேஸ்வரி கைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தாள். டூப்ளிகேட் கார்டுகளைக் கண்டுபிடிக்க அவள் வைத்திருப்பது. "சார், கார்டை நீங்களே வெளிய எடுங்க. கையுறை போட்டுக்குங்க. நான் தொட மாட்டேன். இடது பக்க ஓரத்தைப் பாருங்க. என்ன தெரியுது?"

"ஒரு சின்னக் குழி... அதுல வெள்ளையா ஒரு பொத்தான்..."

"அதான் தாழ்ப்பாள். மேல தள்ளினா கார்டு திறந்திருக்கும். கீழ இழுத்தா பூட்டு. பூட்டின கார்டுல இருக்கிற படத்தைப் பார்க்கலாம். புதுசா ஒரு படம் கூட எடுக்க முடியாது. இப்ப எங்க இருக்கு சார்?"

"கீழ. பூட்டியிருக்கு."

"படம் எடுத்து முடிச்சதும் பூட்டினேன்! நீதானே அப்படிச் சொல்லிக் குடுத்தே?" தேவன் சீறினான்.

"நான்தான் சொன்னேன். பூட்டினது தப்பில்ல அண்ணே. எப்பப் பூட்டினீங்கங்கிறதுதான் கேள்வி. சார், தாழ்ப்பாள் கீழ இருந்தா அதுக்கு மேல குழி காலியா இருக்கணும். காலியா இருக்கா?"

இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடியைக் கண்ணருகே கொண்டு போனார்.

மூன்று விநாடி... ஐந்து விநாடி...

"இல்ல. அடைச்சிருக்கு. மஞ்சளா... கெட்டியா..."

"என்ன சார் அது?"

"சந்தனம்!"

"காய்ஞ்ச சந்தனம்! பளிச்சுன்னு துடைச்சாரு... முகத்தை மட்டும்! குழிக்குள்ள இறங்கினதை மறந்துட்டாரு. தாழ்ப்பாள் மேல போகணும்னா அந்தச் சந்தனம் உடையணும். எங்கயாவது உடைஞ்சிருக்கா சார்?"

"இல்ல... ஒரு கீறல் கூட இல்ல."

"அப்போ மத்தியானம் சந்தனம் வைக்கும்போதே கார்டு பூட்டித்தான் இருந்திருக்கு. அதுக்கு அப்புறம் திறக்கவே இல்ல. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பூட்டின கார்டுல இருநூத்துப் பன்னெண்டு பருந்து எப்படி சார் ஏறிச்சு? கதவைத் தட்டிட்டு உள்ள போச்சா?"

இன்ஸ்பெக்டர் கார்டை மேசையில் வைத்துவிட்டுத் தேவன் பக்கம் திரும்பினார்.

தேவனின் நெற்றி வியர்த்தது.

"சார்... சாயங்காலம் நான் திரும்பி வந்த பிறகு... மாலா மறுபடியும் சந்தனம் வச்சா! ஆமா... மறுபடியும் வச்சா! சொல்லு மாலா!"

மாலா புருஷனையே பார்த்தாள். அவளுக்கு இப்போதுதான் மெல்ல மெல்லப் புரிந்தது.

"நான் வைக்கல."

"மாலா!"

"பூஜைக்கு ஒரு தடவைதான் வச்சேன். நீங்க ஆத்துக்குப் போனது செவ்வாய்க்கிழமை. நேத்து சாயங்காலம் சிவானந்தத்தைப் பார்த்துப் பேசிட்டு வர்றேன்னுதானே மோட்டரை எடுத்தீங்க?"

"வாயை மூடுடி!"

"பதினெட்டு வருஷமா மூடித்தான் வச்சிருந்தேன்! வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழட்டி நீங்களே துவைச்சீங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு கைக்குட்டை துவைச்சதுண்டா நீங்க? அப்பவே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. ஐயோ... சிவானந்தத்தோட அம்மா முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்!"

மாலா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

தேவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். வாசலைப் பார்த்தான். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள்.

மறுபடியும் உட்கார்ந்தான்.

"எவ்வளவோ கெஞ்சினேன் சார்..." பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "புகார் கொடுக்காதடான்னு கெஞ்சினேன். கேட்கல. 'நான் எடுத்த கல்யாணப் படம் போச்சு, இன்னொருத்தன் படமும் போகணுமா'ன்னு கேட்டான். புகார் போனா என் ஸ்டூடியோ, யாவாரம், பேரு... எல்லாம் போயிருக்கும்!"

"அதனால அவரு உயிரு போகலாமா?" லோகேஸ்வரி முதல் தடவையாகக் கத்தினாள். "செஞ்ச கொலையை என் தம்பி தலையில கட்டலாமா? மண்டபத்துல பட்டையைத் திருடினப்ப எதுக்கும் ஆகும்னு எடுத்து வச்சியா?"

'அண்ணே' போய்விட்டது. மரியாதையும் போய்விட்டது!

தேவன் தலையைக் குனிந்துகொண்டான். கிளிக் என்று விலங்கு பூட்டிக்கொண்டது.

---

மூன்று மணி.

லோக்காப்பிலிருந்து சுகுமாறன் வெளியே வந்தான். கண்கள் வீங்கியிருந்தன. அக்காவைக் கட்டிக்கொண்டு தேம்பினான்.

"அழுவாதடா. எருமை மாடு மாதிரி வளர்ந்துட்டு!" என்றாள் லோகேஸ்வரி. அவள் கன்னத்திலும் கண்ணீர் வழிந்தது. அதை யாரும் பார்க்காதபடி தம்பியின் தோளில் துடைத்துக்கொண்டாள். "இனிமே கழுத்தை நெரிப்பேன், கையை ஒடிப்பேன்னு எவன்கிட்டயாவது பேசினே... நானே உன்னை உள்ள தள்ளிடுவேன்!"

இன்ஸ்பெக்டர் மகேந்திரன் பின்னாலேயே வந்தார். கையில் அந்த பிளாஸ்டிக் பை.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலம்மா. அவன் கடையிலயே அத்தனை கார்டு கிடக்குது. எதுக்கு உன்கிட்ட வந்து வாங்கினான்?"

"அவன் கார்டுல படம் நிக்காதுன்னு அவனுக்குத்தானே சார் நல்லாத் தெரியும்! ஊருக்கெல்லாம் டூப்ளிகேட் வித்தான். கொலைக்கு மட்டும் ஒரிஜினல் வாங்கினான்."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே பையைத் திறந்து, சந்தனம் எவ்வளவு கெட்டி என்று பார்க்க நகத்தைக் கொண்டு போனார்.

"சார்! நோண்டிடாதீங்க! கேஸே அந்தக் குழிக்குள்ளதான் இருக்கு!"

சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

அப்போது தேவனை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படியில் காலை வைத்தவன் திரும்பி லோகேஸ்வரியை முறைத்தான்.

"உன்கிட்ட கார்டு வாங்கினதுதாண்டி நான் செஞ்ச ஒரே தப்பு!"

லோகேஸ்வரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஸ்டேஷன் வாசல் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"கவலைப்படாதீங்க அண்ணே! கார்டுக்குப் பத்து வருஷம் வாரண்டி இருக்கு. அதுக்குள்ள வெளிய வந்தீங்கன்னா... புதுசு மாத்தித் தர்றேன் லா!"